தொண்ணூற்றேழில் நின்றது

நிரஞ்சலா டீச்சருக்கு இரண்டு செய்திகள் ஒரே நாளில் வந்தன. வருடக்கணக்காக அவள் கேட்டுக்கொண்டிருந்த இடமாற்றம் கிடைத்துவிட்டது என்பது ஒன்று. தை மாதத்திலிருந்து பதுளை டவுனுக்குள்ளேயே ஒரு பாடசாலை. வீட்டிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போய்விடலாம். மற்றது கரடிப்பாறைத் தோட்டப் பாடசாலையின் கணினி அறையைப் பற்றியது. அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை ஒரு அதிகாரி பார்க்க வருகிறார். மெஷின்கள் ஓடாமல் கிடந்தால் அவற்றை லொறியில் ஏற்றி, ஓடவைக்கத் தெரிந்த வேறொரு பாடசாலைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

முதல் செய்தியைக் கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, தூக்கம்தான் வந்தது. அவ்வளவு களைப்பு உடம்பில் ஊறிக் கிடந்தது. விடியும் முன்னே எழும்பி, மகளுக்கும் தனக்கும் சோறு கட்டி, தெமோதரைப் பக்கம் போகும் முதல் பஸ்ஸில் தொங்கி, சந்தியில் இறங்கி, தேயிலைக்குள்ளால் போகும் குறுக்குப் பாதையில் அட்டை கடிக்கக் கடிக்க இறங்க வேண்டும். பின்னேரம் அதே பாதையில் ஏற வேண்டும். கணவன் விஜேந்திரன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நின்றான்; மாதத்துக்கு ஒரு தடவை வந்து, வந்த களைப்பில் தூங்கி, மறுபடி போய்விடுவான். யார் யாரைத் தாங்குவது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

அவள் கணக்கு டீச்சராக வந்தவள். அதிபரின் பிரின்டரில் சிக்கிக்கொண்ட கடதாசியை ஒருநாள் லாவகமாக இழுத்து எடுத்தாள். செய்த குற்றம் அவ்வளவுதான். அன்றிலிருந்து கணினிப் பாடமும் அவள் தலையில் ஏறிவிட்டது. நல்லது செய்யப் போய் நாலு வேலையைச் சம்பாதித்துக்கொள்கிறவர்கள் உலகத்தில் உண்டு. நிரஞ்சலா அந்தச் சாதி.

மெஷின்கள் கொழும்பில் ஏதோ ஒரு கம்பெனிக் கந்தோரில் இருந்து நன்கொடையாக வந்தவை. மாலை போட்டு, பால்சோறு வெட்டி, போட்டோ பிடித்து இறக்கினார்கள். இறக்கும்போதே அவற்றுக்கு வயதாகியிருந்தது. கரடிப்பாறையின் ஈரமும் மூடுபனியும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. சுவிட்சைப் போட்டுவிட்டு வகுப்புக்கே பெயர் கூப்பிட்டு முடிக்கலாம். அதற்குப் பிறகும் மெஷின் விழித்துக்கொண்டால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் ஒரு நீலத் திரையைக் காட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும்.

அதிபர் அந்தோனிமுத்து நல்ல மனிதர். அவருக்கும் ஓய்வுக்கு ஒரு வருடம்தான் பாக்கி.

"போகட்டும் விடுங்க டீச்சர். நீங்களும் போறீங்க, அதுகளும் போகட்டும். நம்ம பிள்ளைகளுக்கு இல்லாதது இன்னொரு இடத்துப் பிள்ளைகளுக்காவது ஆகட்டுமே."

நிரஞ்சலாவுக்கு அது நூற்றுக்கு நூறு சரியென்று பட்டது. சரியென்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். வாசலில் பத்தாம் வகுப்பு நிலுக்ஷி நின்றிருந்தாள். அவளும் இன்னும் சில பிள்ளைகளும் அந்தப் பாடத்தை எடுத்ததே நிரஞ்சலா தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் பெற்றோரிடம் பேசியதால்தான்.

"டீச்சர், மெஷினக் கொண்டு போயிட்டா நாங்க இனிமே எந்தப் பாடத்துக்குப் போறது?"

அந்தப் பிள்ளை குத்திக் கேட்கவில்லை. எந்த பஸ்ஸில் போவது என்று கேட்பதுபோல் கேட்டாள். நிரஞ்சலாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். அது பதுளை வரைக்கும் பஸ்ஸில் கூடவே வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் அவளை ரிப்கானின் கடைக்கு முன்னால் இறக்கியும் விட்டது.

ரிப்கான் போன் திருத்துகிறவன். கணினியும் பார்ப்பான். முன்பு ஒருமுறை அவன் கொடுத்த லினக்ஸ் என்ற இயங்குதளத்தை அவள் பாடசாலையில் போட்டுப் பார்த்திருந்தாள், அது ஏறவில்லை. இப்போது மெஷினின் விபரத்தைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"புதுசு ஒண்டும் இதுல ஏறாது டீச்சர். இது பழைய சாதி. இதுக்கெண்டு பாரம் கொறைஞ்ச பழைய லினக்ஸ் ஒண்டு இருக்கு. அத போட்டா குதிரை மாதிரி ஓடும். ஆனா அவங்கட சைட்டுல இருந்து தூக்கிட்டாங்க. இப்ப டொரன்டுலதான் எடுக்க ஏலும்."

"களவா?"

"ஐயோ இல்ல டீச்சர். லினக்ஸ் எல்லாருக்கும் சும்மா குடுக்கிறது. ஆரும் எடுக்கலாம், ஆரும் குடுக்கலாம். டொரன்ட் எண்டா என்னெண்டா, ஒரு கடையில போய் மூட்டையா வாங்குறது இல்ல. வச்சிருக்கிற ஆக்கள் உலகம் பூரா இருப்பாங்க. ஆளுக்கொரு துண்டு தருவாங்க. நீங்க எடுத்த துண்ட நீங்களும் மத்தவங்களுக்குக் குடுத்துக்கிட்டே இருப்பீங்க. சிக்னல் விழுந்தாலும் பயமில்ல, விட்ட எடத்துல இருந்து புடிக்கும். பழைய சாமான் எண்டதால வச்சிருக்கிற ஆள்தான் கொறைவு. லெப்டொப்ப நிப்பாட்டாம போட்டு வைக்கணும். என்ட கடைய ஆறு மணிக்குச் சாத்திருவேன், நம்மட லைனும் நொண்டி. நீங்களே போடுங்க."

பென் டிரைவில் ஒரு சின்னஞ்சிறு கோப்பைப் போட்டுக் கொடுத்தான். அது முகவரி மாதிரி, அதைத் திறந்தால் மற்றது தானாகத் தேடிக்கொள்ளும் என்றான்.

நிரஞ்சலாவின் வீடு பள்ளத்தில். அங்கே லெப்டொப்பில் இன்டர்நெட் டொங்கிளைச் செருகினால் சிக்னல் ஒரு கோடு வரும், மழை வந்தால் அதுவும் போகும். பாடசாலையோ அதைவிடப் பள்ளம். கரடிப்பாறையில் சிக்னல் நன்றாக எடுக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். மேல் லயத்தின் கடைசிக் காம்பிரா, ஒற்றை அறை வீடு. எல்ல ஊர்ப் பக்கத்து டவர் அந்த ஜன்னலுக்கு நேராகத் தெரியும். காதலர்களும் வெளிநாட்டுக்குப் பேசுகிறவர்களும் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று நின்று மண்ணே தேய்ந்துபோயிருந்தது.

அந்தக் காம்பிராவில் செசிலி இருந்தாள். கொழுந்து பறிக்கிறவள், நிரஞ்சலாவைவிட இரண்டொரு வயது மூத்தவள். புருஷன் இல்லை, மகள் கட்டுநாயக்கவில் கார்மென்டில். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். விஷயத்தைச் சொன்னதும் வேறு கேள்வி கேட்காமல் ஜன்னல் கட்டையில் இருந்த சாமான்களை எடுத்து இடம் பண்ணினாள். ஒரே ஒரு பிளக் பொயின்ட்தான். அதில் மாதா சுரூபத்துக்கு எரியும் சின்ன பல்பு மாட்டியிருந்தது. நிரஞ்சலாவின் லெப்டொப் பெட்டரி செத்துப்போய்ப் பல நாள். கரண்ட் இல்லாமல் ஒரு நிமிஷம் நிற்காது.

செசிலி பல்பைக் கழற்றினாள். "மாதா கொஞ்ச நாளு இருட்டுல இருப்பாங்க. பிள்ளைங்க படிப்புக்குன்னா கோவிச்சுக்க மாட்டாங்க. சரி, யாரு டீச்சர் இதைக் குடுக்கிறது? தொரையா, கவுமண்டா?"

"யார்னு தெரியாது செசிலிக்கா. வெவ்வேற நாட்டுல இருக்கவங்க. வாங்குறப்பவே நாமளும் குடுப்போம், அப்படித்தான் இது ஓடும்."

"மொகந் தெரியாதவங்களுக்கா?"

"ஆமா."

"அதுவும் நல்லதுதான். வெறும் பாத்திரத்தைத் திருப்பக் கூடாதுல்ல" என்றுவிட்டுச் செசிலி கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.

பகலில் செசிலி மலையில், நிரஞ்சலா பள்ளத்தில். லெப்டொப்புக்குக் காவல் அடுத்த காம்பிரா இராமையா. ஃபெக்டரியில் தராசடியில் நின்று ஓய்ந்த மனிதர். மூச்சு வாங்கும், நாலு அடி நடந்தால் ஐந்தாவது அடிக்கு உட்கார வேண்டும். ஆகவே செசிலியின் ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு அவரை உட்காரவைத்தார்கள். நிரஞ்சலா அவருக்கு இரண்டே இரண்டு விஷயம் காட்டிக்கொடுத்தாள். இந்தப் பச்சைக் கோடு நூறுக்குப் போகவேண்டும். பக்கத்தில் இருக்கிற இந்த எண், முழுச் சாமானையும் வைத்திருக்கிற ஆள் எத்தனை பேர் இப்போது வந்திருக்கிறார்கள் என்று சொல்லும்.

முதல் நாள் கோடு மளமளவென்று ஏறியது. இரண்டாம் நாள் மெதுவானது. பிறகு தொண்ணூற்றேழில் போய் நின்றுகொண்டது. துண்டு துண்டாக வைத்திருந்தவர்கள் எல்லோரிடமும் அதே தொண்ணூற்றேழுதான் இருந்தது. எல்லோருக்கும் ஒரே துண்டுகள் குறைந்தன. முழுதாக வைத்திருக்கிற ஆள் ஒருவர் வந்தால்தான் மிச்சம். அந்த எண்ணோ பூச்சியத்தில் உட்கார்ந்திருந்தது.

"பூச்சியந்தான் டீச்சர்" என்பார் இராமையா, அவள் மூச்சிரைக்க ஏறி வரும்போதே. "தராசு முள்ளுகூட இப்படி அடம்புடிச்சு நான் பார்த்ததில்ல. நான் போறதுக்கு முன்ன இது போய்ச் சேருமா?"

"உங்களுக்கென்ன ஐயா, நூறு வரைக்கும் இருப்பீங்க."

"நானா அதுவா, யாரு முதல்ல நூறுக்குப் போறதுன்னு பாத்துருவோம்."

ஒருநாள் அவர் குரலை இறக்கி, ரகசியம்போலச் சொன்னார். "டீச்சர், ஆளப் புடிச்சிட்டேன். பகல் கொழுந்து நிறுக்கிற நேரத்துல வர்றாரு. பூச்சியம் ஒண்ணாகுது. கொஞ்ச நேரம் இருக்காரு, கோடு ஒரு நூலு ஏறுது, பொறகு போயிர்றாரு. அவருக்கும் ஏதோ சோலி போல."

நிரஞ்சலாவுக்கு அந்த ஆளை நினைத்தாலே தெரிந்தவர்போல இருந்தது. எங்கேயோ ஒரு ஊரில், பழைய மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, நேரம் கிடைக்கிறபோது திறந்துவைத்துவிட்டு, வேலை வந்ததும் மூடிக்கொண்டு போகிற மனிதர். அவருக்கு யார் என்ன கொடுத்தார்கள்? அவரும் ஒரு பிரின்டரில் கடதாசி இழுத்தவராக இருக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை அந்த ஆள் வரவே இல்லை. இராமையா பொழுது சாயும்வரை ஸ்டூலில் இருந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு வருவாரு டீச்சர்" என்று ஆறுதல் சொன்னார். புதன்கிழமை விடிய, அவர் மகன் தேத்தண்ணியைக் கொண்டுபோய் எழுப்பியபோது, அவர் எழும்பவில்லை.

செய்தி பாடசாலைக்கு முதல் மணிக்கே வந்துவிட்டது. மேல் லயத்துப் பிள்ளைகள் யாரும் வகுப்புக்கு வரவில்லை. பாடசாலை விட்டதும் நிரஞ்சலா ஏறிப் போனாள். லயத்தில் ஒரு ரேடியோ பாடவில்லை, ஒரு டீவி ஓடவில்லை. சாவு விழுந்த லயத்தில் எல்லாக் காம்பிராவிலும் பெட்டியை நிறுத்தித் துணி போட்டு மூடிவிடுவார்கள். இந்துவானாலும் மாதாவைக் கும்பிடும் வேதக்காரரானாலும் அது லயத்துக்குப் பொது. செசிலியின் ஜன்னலிலும் அப்படியே இருந்தது. லெப்டொப் மூடி, வயர் சுருட்டி வைத்து, மேலே ஒரு வெள்ளைத் துண்டு.

அதைப் பார்த்ததும் நிரஞ்சலாவுக்குள் ஏதோ ஒன்று அப்பாடா என்று உட்கார்ந்தது. சனியன் விட்டது. இனி யாரும் அவளைக் கேட்க முடியாது. சாவு வந்துவிட்டது, என்ன செய்ய? வெள்ளிக்கிழமை லொறி வரட்டும், ஏற்றட்டும், அவளும் தையில் போகட்டும். நினைத்த அடுத்த கணம் பக்கத்துக் காம்பிராவில் ஒப்பாரி எழுந்தது. அவளுக்கு முகம் சுட்டது. ஸ்டூல் இன்னும் ஜன்னலுக்கு வெளியே அப்படியே கிடந்தது.

செசிலி அழுது வீங்கிய கண்ணோடு வந்தாள்.

"சேதி வந்தவொடனே நிப்பாட்டிட்டேன் டீச்சர். கோவிச்சுக்காதீங்க."

"பரவாயில்ல செசிலிக்கா. சாவு வீட்டுல பெட்டி ஓடவா முடியும்?"

"அதுக்கில்ல. சத்தம் போடாததுதானே, அது ஓடினா யாருக்குத் தெரியப் போவுது? இது வாங்கிக்கிட்டே குடுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? தீட்டு விழுந்த எடத்துல இருந்து ஒரு சிட்டிகை உப்புகூட நாம வெளிய குடுக்க மாட்டோம். நமக்கு மத்தவங்க கொண்டாந்து குடுக்கலாம், நம்மகிட்ட இருந்து போகக் கூடாது. மொகந் தெரியாத சனங்க, எந்த நாட்டுல யாரு வீடோ, கல்யாண வீடோ, பிள்ளை பெத்த வீடோ. நம்ம சாவுத் தீட்ட அவங்களுக்கு அனுப்புறது பாவமில்லையா?"

நிரஞ்சலாவுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம், வரவில்லை. இத்தனை நாளாக அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிற மனிதர்களுக்கு வீட்டு வாசல், தொட்டில் எல்லாம் உண்டென்று நினைத்துப் பார்த்தவள் செசிலி ஒருத்திதான்.

நிரஞ்சலா கிளம்பும்போது செசிலி மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். "நேத்து ராத்திரி சோத்துக்கு உக்காந்தப்பகூட இராமையா மாமா அதையேதான் சொன்னாரு. பகல் கொழுந்து நேரம், மறந்துராதீங்கன்னு டீச்சருக்கிட்ட சொல்லுன்னாரு."

பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. கிடைத்தும் கண்ணை மூட முடியவில்லை. செத்த பிறகும் வேலை வாங்குகிறாரே இந்த மனுஷன் என்று எரிச்சலாக வந்தது. எரிச்சலோடு எரிச்சலாக அழுதாள். பக்கத்தில் இருந்த பெண் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

வியாழக்கிழமை அடக்கம். தோட்டத்தில் வேலை இல்லை, பாடசாலையிலும் பிள்ளைகள் இல்லை. நிரஞ்சலா காலையிலேயே மேல் லயத்துக்கு வந்து, பிணத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, செசிலியைத் தனியாகக் கூப்பிட்டாள். கேட்கவே கூச்சமாக இருந்தது.

"செசிலிக்கா, குடுக்கிறத நிப்பாட்டிட்டு வாங்குறத மட்டும் ஓடவிடலாம். அதுக்கு ஒரு எடம் இருக்கு. அப்படிப் போட்டா பரவாயில்லையா?"

செசிலி யோசித்தாள். சாவு வீட்டுக்கு அரிசியும் விறகும் மற்ற லயங்களில் இருந்து வந்துகொண்டுதான் இருந்தன. ஆளுக்கொரு கட்டை என்று வாசலில் விறகு குவிந்திருந்தது.

"வாங்கலாம். வாங்குறதுல குத்தமில்ல. ஒண்ணும் வெளிய போகாதே?"

"போகாது. நான் பாத்துக்கிறேன்."

கதவைச் சாத்தி, துண்டை எடுத்து, பிளக்கைச் செருகினாள். வெளியே கொடுக்கும் வேகத்தின் அளவு என்ற இடத்தைத் தேடிப் பிடித்துப் பூச்சியம் என்று போட்டாள். பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை. கணக்கு டீச்சருக்கு அதில் என்ன சந்தேகம்?

கோடு வந்தது. தொண்ணூற்றேழும் சொச்சமும். பக்கத்தில் பூச்சியம். இருவரும் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்தார்கள். பகல் கொழுந்து நிறுக்கும் நேரம் வந்தது. அன்று நிறுக்கக் கொழுந்து இல்லை. வெளியே தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். அந்த அடியில் தகரமெல்லாம் அதிர்ந்தது. சவப்பெட்டியை வாசலுக்கு எடுக்கிறார்கள் என்று பெண்கள் குரல் உயர்ந்தபோது, பூச்சியம் ஒன்றானது.

அன்றைக்கு அந்த ஆள் அவசரப்படவில்லை. வந்தவர் இருந்தார். கோடு தொண்ணூற்றெட்டானது. நிரஞ்சலா எழும்பி வெளியே போகவேண்டும், போகாமலிருந்தால் ஊர் என்ன சொல்லும்? செசிலி அவள் தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் போனாள். தப்புச் சத்தம் வாசலைக் கடந்து, லயத்தின் கோடியைக் கடந்து, தேயிலைக்குள் இறங்கித் தேய்ந்து போகிறபோது கோடு முழுதாக நிறைந்தது. நூறு.

"ஐயா" என்றாள் நிரஞ்சலா ஜன்னலைப் பார்த்து. கோப்பைப் பென் டிரைவுக்கு மாற்றி எடுத்துக்கொண்டு, லெப்டொப்பை மூட மறந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தின் பின்னால் ஓடினாள். மண் போடுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அன்று பின்னேரம் அதிபர் பாடசாலையைத் திறந்துவிட்டார். சேற்றுக் காலோடு அவள் ஒவ்வொரு மெஷினாக அந்தப் பழைய லினக்ஸை ஏற்றினாள். சில ஏறவில்லை, ஏறியவை ஏறின. வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். நனைந்துபோய் வந்த, தும்மிக்கொண்டே இருந்த, பாவப்பட்ட ஒரு மனிதர். நிலுக்ஷி ஒரு மெஷினில் உட்கார்ந்து தன் பெயரைத் தமிழில் தட்டிக் காட்டினாள். அதிகாரி எட்டிப் பார்த்தார், தலையசைத்தார், மெஷின்கள் இங்கேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், இஞ்சி போட்ட தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். அதற்குத்தான் இத்தனை பாடு.

அவர் போனதும் அந்தோனிமுத்து சேர் மெஷின்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நல்ல வேலை செஞ்சீங்க டீச்சர். இனி தையில இருந்து இதுகளை யாரு பாக்கிறதுன்னுதான் தெரியல. உங்க எடத்துக்கு இன்னும் ஆள் போடல." குறையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார்.

பின்னேரம் லெப்டொப்பை எடுத்துக்கொண்டு போகலாம் என்று நிரஞ்சலா மேல் லயத்துக்கு ஏறினாள். இதுவே கடைசித் தடவை என்று கால்களுக்குச் சொல்லிச் சொல்லி ஏறினாள். செசிலி அடுப்படியில் இருந்தாள். ஜன்னல் கட்டையில் லெப்டொப் துண்டு போட்டபடி, ஆனால் பிளக்கில் இருந்தபடி, சூடாக இருந்தது. துண்டை எடுத்தாள்.

வெளியே போனது என்ற இடத்தில் பெரியதொரு எண் நின்றது. அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு வேகத்தின் அளவென்று தான் போட்ட பூச்சியத்தின் மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோய் வைத்தாள், ஒரு சிறு குறிப்பு எழும்பியது: பூச்சியம் என்றால் எல்லை இல்லை.

கணக்கு டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்தவள். பிணம் வாசலில் கிடந்த நேரத்திலிருந்து அணை திறந்ததுபோலக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தொண்ணூற்றேழில் நின்ற அத்தனை பேரும் இந்த ஜன்னலால் மிச்சத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பகல் கொழுந்து நேரத்து ஆளையும் காணவில்லை. பட்டியலில் ஒரே ஒருவர் மிச்சம். புதிதாக வந்தவர், பாதியில் நின்றார். முழுதாக வைத்திருப்பவர் இப்போது அவள் மட்டும்தான். அந்தப் புது ஆள் சொட்டுச் சொட்டாக அவளிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்.

எங்கேயோ ஒருவரின் திரையில் பூச்சியம் ஒன்றாகியிருக்கும். அவரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், அல்லது ஒரு இராமையாவை வைத்துப் பார்க்கச் சொல்லியிருப்பார். அந்த ஒன்று இவள்தான். இவள் இப்போது மூடினால் அங்கே பூச்சியம். தையில் கீழே அந்தப் பாடசாலையிலும் அதேதான் நடக்கப்போகிறது என்று அவளுக்கு உறைத்தது. இடமாற்றத்தை வேண்டாமென்று எழுதிக்கொடுக்க அவளால் முடியாது. உடம்பில் அவ்வளவு மிச்சம் இல்லை. நிலுக்ஷிக்காவது முழுதையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகவேண்டும், ஏற்றுவது முதல் திருத்துவது வரை, ஒரு துண்டும் குறையாமல். அதற்கு நாள் போதுமோ போதாதோ.

"செசிலிக்கா" என்று கூப்பிட்டாள். ஒளிக்காமல் சொன்னாள். "நான் போட்டது பிழையாப் போச்சு. நேத்துல இருந்து இது வெளிய குடுத்துக்கிட்டே இருந்திருக்கு."

செசிலி ஈரக் கையோடு வந்து நின்றாள். முகம் கறுத்தது.

"எல்லாருக்குமா?"

"கேட்ட எல்லாருக்கும். எனக்கு மன்னிப்பு..."

"மொகந் தெரியாத சனம்" என்றாள் செசிலி தனக்குத்தானே. இருட்டில் இருந்த மாதாவைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய தீர்த்தப் போத்தலை எடுத்து விரலில் தொட்டு, லெப்டொப்பின் மேல் படாமல், ஜன்னலுக்கு வெளியே டவர் இருந்த திசையில் ஒரு சொட்டுத் தெளித்தாள். பிறகு கேட்டாள்: "இன்னும் யாராவது பாக்கியா?"

"ஒருத்தர். பாதியில நிக்கிறாரு. நம்மகிட்ட மட்டுந்தான் முழுசா இருக்கு. மூடிரட்டுமா?"

செசிலிக்குக் கோபம் வந்துவிட்டது. "இனி மூடி என்னத்துக்கு டீச்சர்? போன தீட்டு போனதுதான். அந்தாளுக்கு முழுசாவாவது போகட்டும். அரைகொறையா வச்சுக்கிட்டு அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு?"

கீழே சந்தியில் கடைசி பஸ் ஹோர்ன் அடித்தது. தேயிலைக்கு மேலால் அது தெளிவாகக் கேட்டது. ஓடினால் பிடிக்கலாம். நிரஞ்சலா போனை எடுத்து, பக்கத்து வீட்டுக்காரிக்கு மகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு வெளியே போய் இராமையாவின் ஸ்டூலை உள்ளே தூக்கி வந்து, ஜன்னலுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். கோடு ஒரு நூல் ஏறியது.

செசிலி உலையில் இன்னொரு கைப்பிடி அரிசி போட்டாள்.